சூடு நிற்கவில்லை

மூன்று நிமிடம் எரிகிறது. பிறகு அணைந்துவிடுகிறது. தொட்டி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே படுக்கை விரிப்பு தொப் தொப்பென்று விழுந்து எழுகிறது, அடுத்த அறையிலிருந்து கேட்டால் வேலை நடக்கிறது என்றுதான் தோன்றும். நான் தரையில் பழைய துண்டை விரித்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். துணி உலர்த்தும் கேஸ் ட்ரையரின் அடித்தகட்டில் உள்ள கீற்று வழியாகப் பார்த்தால் முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பி பழுக்கும், பழுத்து முற்றியதும் டக் என்று ஒரு சத்தம், உடனே நீலமாக நெருப்பு மூச்சுவிட்டு எழும். அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சுதான். கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருடம் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது ஒரே சமயத்தில் இருபத்துநான்கு பர்னர்கள் அப்படி மூச்சுவிடும், எதில் காற்று குறைவு, எதில் கேஸ் அதிகம் என்று பார்க்காமலே சொல்வேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். நூற்றெழுபதில் மறுபடி டக். நீலம் போய்விட்டது. போன வாரம் முந்நூறு வரை எண்ண முடிந்தது. எழுபத்தாறு வயதில் தரையில் படுத்து அடுப்போடு எண் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இவளுக்கும் ஆரம்பித்துவிட்டது என்பார்கள். உப்புப் பகுப்பாய்வில் முதல் தொகுதி ஈயம், வெள்ளி, பாதரசம். இரண்டாம் தொகுதி தாமிரம், காட்மியம், பிஸ்மத். சொல்ல முடிகிறது. எனக்கு ஆரம்பிக்கவில்லை. மணி பதினொன்று ஐம்பது, வடிவு ஐந்தரைக்குத்தான் வருவாள், அதற்குள் ஒரு விரிப்பும் ஒரு வேட்டியும் காய்ந்தால் போதும், உலகத்தில் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

வடிவு என் மகள். இது அவள் வீடு, ஒஹையோவில், பனி பெய்தால் தெருவும் வாசலும் ஒன்றாகிவிடும் ஒரு புறநகரில். பேத்தி வெளியூரில் படிக்கிறாள், மருமகன் வாரக் கடைசியில் வந்து போகிறவர். பகலில் நானும் இவரும்தான். இவர் என்றால் என் கணவர், திரவியம் பிள்ளை, முப்பத்துநான்கு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து சப்-ரிஜிஸ்திராராக ஓய்வு பெற்றவர், இப்போது நாளில் பாதி நேரம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவர். ஐப்பசியில் வடிவு ஒரு விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள், மறதிக்காரர்களுக்கென்றே நடத்துகிற இடம், படத்தில் எல்லாக் கிழவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப இல்லம்மா, இப்ப யாரும் போகச் சொல்லல. படுக்கையில போக ஆரம்பிச்சா மட்டுந்தான். அதுக்கு மேல வீட்ல வச்சுப் பாக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லுதாரு. உன் முதுகுக்கு நீ அவரத் தூக்குவியா?" என்றாள். சரி என்றேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் விடிகாலையில் என் கை நனைந்திருந்தது. தண்ணீர்க் குவளை சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன், நினைக்க விரும்பினேன், குவளை மேசையில் நேராக நின்றது. அன்றிலிருந்து காலையில் அவள் கார் தெருமுனை திரும்பியதும் விரிப்பை உருவி மெஷினில் போடுகிறேன், பதினொரு மணிக்கு ட்ரையருக்கு மாற்றுகிறேன், மூன்று மணிக்குக் கட்டிலில் மறுபடி விரித்துவிடுகிறேன். மெத்தை நனையாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் குளியலறைத் திரை ஒன்று இருக்கிறது, அதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கட்டிலுக்கு விரிப்பு இரண்டுதான். மூன்றாவது வாங்கித் தா என்றால் எதற்கு என்பாள். நேற்றைய விரிப்பே இன்னும் ஈரமாக அலமாரிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், ஈரத்தை மடித்து வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், ஆய்வகத்தில் பெண்களுக்கு நான் ஓயாமல் சொன்னது. முதலில் பஞ்சு வலை. துணியிலிருந்து உதிரும் பஞ்சையெல்லாம் பிடித்துவைக்கும் அந்தச் சன்ன வலையை வெளியே உருவினேன், சுத்தமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு தடவையும் நான் துடைக்காமல் விட்டதில்லை. சுத்தமாக இருக்கிறதென்று அப்படியே திரும்பச் சொருகியிருப்பேன், என்னவோ குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் வலை வழியாக இறங்கவில்லை. தட்டில் நிற்பதுபோல நின்றது, ஜன்னல் வெளிச்சம் அதில் மிதந்தது. வலையில் தண்ணீர் நிற்குமா? விரல் நகத்தால் சுரண்டினால் ஒரு மெல்லிய தோல் வந்தது, வெள்ளை, வழவழப்பு, பஞ்சு இல்லை. காற்று போக வழியில்லாவிட்டால் உள்ளே சூடு தேங்கும், தேங்கினால் காவலுக்கு இருக்கும் தெர்மோஸ்டாட் நெருப்பை அணைத்துவிடும். அப்படியானால் சூடு குறைந்ததால் அணையவில்லை, மிகுந்ததால் அணைகிறது. இத்தனை நாள் சூடு போதவில்லை என்று குமிழை அதிகச் சூட்டுக்குத் திருப்பித் திருப்பி வைத்தேன். பிரஷ் போட்டு வலையைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் இவர் வாசற்படியில் வந்து நின்றார், இடுப்பில் ஒரு துண்டு, மேலே வடிவு வாங்கித் தந்த கம்பளிச் சட்டை. "பார்ட்டி வந்தாச்சா?" என்றார். "இன்னும் வரல, நீங்க போய் இருங்க." "சாட்சி ரெண்டு பேரு வேணும்ளா. ஒரு ஆளுதான இருக்கு." "இன்னொரு ஆளு பஸ்ஸுல வாராரு." "எந்த பஸ்ஸு?" "கட்டபொம்மன்." திருப்தியாகத் தலையாட்டினார். அந்தப் பெயரில் பஸ் ஓடுவதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆயிற்று. "தலை வலிக்கு," என்றார் திரும்பிப் போகும்போது. காலையிலிருந்து மூன்றாவது முறை. இந்த இரண்டு வாரமாகவே சொல்கிறார், குளிர் என்று தைலம் தேய்த்துவிடுகிறேன்.

வலையைத் துடைத்துச் சொருகி ஓட விட்டேன். எண்ணினேன். நூற்றுத்தொண்ணூறு. இருபது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கதவைத் திறந்து கை விட்டால் விரிப்பு வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது, காய்ச்சல்காரன் முதுகுபோல. போன் அடித்தது. "அம்மா, சாப்பிட்டியா?" "இனிமேத்தான். உங்கப்பாவுக்கு ரசஞ்சோறு பிசையணும்." "ஸ்னோ பெருசா வருதாம்மா, எல்லாரையும் போகச் சொல்லுதாங்க. நான் மூணு மணிக்கு வந்துருவேன்." "மெதுவா வா, என்ன அவசரம்." "என்னம்மா சத்தம் அங்க?" "எந்தச் சத்தம்?" "கடகடன்னு ஒண்ணு கேக்கு." "துண்டு ரெண்டு போட்டேன்." "தெனமும் என்னதான் துவைப்பியோ! போன மாசம் கேஸ் பில்லப் பாத்துட்டு உன் மருமகன், வீட்டுக்குள்ள லாண்ட்ரி கட நடத்துதியளோன்னு கேட்டாங்க." சிரித்தாள். நானும் சிரித்தேன், என் சிரிப்பு எனக்கே நன்றாகக் கேட்டது, கொஞ்சம் நீண்டுவிட்டது. மணி பன்னிரண்டு நாற்பது. மூன்றுக்குள் காயாது. வெறும் மெத்தையில் மேல்போர்வையை இழுத்து மூடிவிடலாம், ஆனால் அவள் அந்த அறைக்குள் வந்ததும் முதலில் செய்வது அப்பாவின் தலையணையைத் தட்டிப் போடுவதுதான். வலை இல்லையென்றால் அடுத்தது சூடான காற்று வெளியேறும் குழாய். ட்ரையரின் முதுகிலிருந்து புறப்பட்டு, எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் ஓடி, பக்கவாட்டுச் சந்தில் ஒரு மூடியோடு முடிகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு, இவரை நாற்காலியில் உட்கார்த்தி, கையில் பழைய காலண்டர் ஒன்றைப் படிக்கக் கொடுத்துவிட்டு வெளியே போனேன்.

பனி கணுக்கால் வரை. ட்ரையர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, மூடியின் மூன்று தகடுகளும் காற்றில் விரிந்து நிற்க வேண்டும், ஆவி புகைபோல வர வேண்டும். தகடுகள் மூடியே இருந்தன. ஓரத்தில் மட்டும் ஒரு நூலளவு ஆவி, தூங்குகிற குழந்தை வாயோரத்தில் விடுவதுபோல. நல்லவேளை கையில் தோசைத் திருப்பி கொண்டுபோயிருந்தேன். பஞ்சு அடைத்திருக்கும், மெத்தென்று உருவி வரும் என்று நினைத்துக் குத்தினேன். திருப்பி வழுக்கியது. அது பஞ்சு இல்லை. ஓடு. தட்டினால் டொக்கென்றது. ஓரத்தில் நெம்ப நெம்ப ஒரு வில்லை பெயர்ந்து கையில் விழுந்தது, வெளுப்பு, வளைவு, விளிம்பில் நூல் நூலாக. முதலில் மோந்து பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை, சமைக்கிறவளுக்குக் கையில் எது விழுந்தாலும் மூக்குக்குத்தான் போகும். புளித்த கஞ்சி வாடை. மொட்டைமாடியில் பாயில் காய்ந்து சுருண்ட கூழ்வற்றல்போலவே இருந்தது, நொறுக்கினால் அப்படியேதான் நொறுங்கியது.  இவர் வேட்டிக்குக் கஞ்சி போடுகிறேன். இந்த ஊரில் யார் கஞ்சி போடுவார்கள், எதற்கு? ஆபீசா, கச்சேரியா? முதல் மாதத்தில் ஒருநாள் சோறு வடித்த கஞ்சி வீணாகிறதே என்று பழக்கத்தில் வேட்டியை முக்கிப் போட்டேன். அன்று இரவு இவர் எழுந்திருக்கும்போது வேட்டி மொடமொடவென்று பேசியது, அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன், கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன், விரிப்பு நனையவில்லை. கஞ்சியில்லாத பருத்தி தொளதொளத்துக் கிடந்தால் சத்தமே வராது, எனக்கு ஒரு காது அரைக்காது. அன்றிலிருந்து குக்கரை எடுத்து வைத்துவிட்டுப் பானையில் வடிக்கிறேன், "என்னம்மா திடீர்னு வடிச்ச சோறு?" என்று வடிவு கேட்டதற்கு, "உங்கப்பாவுக்கு அதான் எறங்குது" என்றேன். கொடியில் காய்ந்தால் வேட்டி பலகைபோல நிற்கும். இங்கே வெளியே கொடி கட்டினால் கூடாதென்று தெருச் சங்கத்திலிருந்து கடிதம் வரும், கட்டினாலும் பனியில் காயாது. ட்ரையரில் புரட்டி எடுத்தால் விறைப்பில் பாதி போய்விடுகிறது. அதனால் கஞ்சியை இரண்டு பங்கு கெட்டியாக்கினேன். போகிற பாதி எங்கே போகிறது என்று கேட்கவில்லை. பொருள் அழியாது, உருமாறும், கரும்பலகையில் நானே எழுதிய வாக்கியம், அறுபத்தொன்பதாம் வருடம், வெள்ளைச் சுண்ணாம்பில். மூன்று மாதமாக ஒவ்வொரு வேட்டியின் பாதி விறைப்பும் பொடியாகிப் பறந்து, ஈர ஆவியில் குழைந்து, சுவருக்குள் போய் ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

தகடுகளைச் சுரண்டினேன். விரல்கள் மரத்துவிட்டன. ஒரு தகடு விடுபட்டு எழுந்தது, அடுத்தது பாதி. குழாய்க்குள் திருப்பி போகிற தூரம் ஒரு முழம், அதற்கப்பால் இன்னும் ஐந்து முழம் இருக்கும். உள்ளே வந்து ஓட விட்டு, கோட்டோடு தரையில் படுத்து எண்ணினேன், நூறு, இருநூறு, முந்நூறு, நெருப்பு நீலமாகவே இருந்தது, நானூற்றுப் பன்னிரண்டில்தான் அணைந்தது. ஏழு நிமிடம். ஏழு நிமிடம் எரிந்து ஐந்து நிமிடம் ஆறினால் மூன்று மணிக்குள் விரிப்பு காய்ந்துவிடும், வேட்டி காயாவிட்டால் கட்டிலுக்கடியில். இன்றைக்கு மட்டும். நாளை நீளமான பிரஷ் ஒன்று எப்படியாவது வரவழைக்கலாம், கதவு இடுக்கு துடைக்க என்று ஏதாவது சொல்லலாம், கஞ்சியை மெல்லியதாக்கலாம். நெருப்பு மறுபடி பிடித்தது, டக், மூச்சு. நல்ல மூச்சு. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கையில்தான் அது வந்தது, பயமாக அல்ல, பாடமாக. எரிகிற எதுவும் வாயு வெளிவிடும். இந்த நெருப்பு விடுகிற வாயுவுக்கு வேறு குழாய் கிடையாது, ஆவி போகிற அதே குழாய்தான், அது அடைத்தால் திரும்பி வீட்டுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதல் அறிகுறி என்ன, ரோல் நம்பர் பதினேழு எழுந்து சொல்லு. தலைவலி, மிஸ். அப்புறம்? குழப்பம், மிஸ். வாந்தி. தூக்கம். இவர் இந்த இரண்டு வாரமாக மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்குகிறார், எழுப்பினால் என்னை யாரென்று பார்க்கிறார், நோய் முற்றுகிறது என்று நினைத்து மனதைத் தயார்செய்துகொண்டிருந்தேன். எனக்கும் நெற்றி வலிக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இந்த வாயுவுக்கான அலாரம் மாடியில் வடிவின் அறைக்கு வெளியே இருக்கிறது, கீழே இல்லை. நோய் எவ்வளவு, வாயு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தத் தொகுதியும் இல்லை. கஞ்சி எரியும், பஞ்சு எரியும், இரண்டும் கலந்து சுவருக்குள் எங்கள் தலைமாட்டில் இருக்கிறது. இவரை வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் எல்லாம் செய்தேன். எழுந்து ட்ரையரை நிறுத்தினேன். ஜன்னல்கள் மூன்றையும் திறந்தேன். குளிர் நேரே உள்ளே வந்து உட்கார்ந்தது.

"என்னளா, ஐஸ் பொட்டியில வச்சிருக்க என்னிய?" என்றார் இவர். போர்வையைச் சுற்றிவிட்டு, "கொஞ்ச நேரம், காத்து மாறட்டும்," என்றேன். "தலை வலிக்கு." "தெரியும். எனக்கும் வலிக்கு." வடிவை அழைத்தேன், எடுத்தவுடன், "கெளம்பிட்டேம்மா, ரோட்ல இருக்கேன், ஸ்பீக்கர்ல பேசு," என்றாள். "ட்ரையர்ல சூடு நிக்கல." "இதுக்கா கூப்ட? வந்து பாக்கேன்." "குழாய் அடைச்சிருக்கு. கஞ்சி. நான் வேட்டிக்குக் கஞ்சி போட்டது. கேஸ் உள்ள திரும்புதுன்னு நினைக்கேன், நிறுத்திட்டேன், ஜன்னலத் தொறந்துட்டேன்." "கஞ்சியா? அம்மா, நீ என்ன... வீட்டக் கொளுத்தப் பாத்தியா? யாராவது ட்ரையர்ல கஞ்சிய..." "வடிவு. உங்கப்பா படுக்கையில போறாக." காரின் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவது கேட்டது. "எப்பலருந்து?" "தீபாவளி கழிஞ்சு." "தெனமுமா?" "கஞ்சி நல்லா இருந்தா இல்ல. சத்தம் கேட்டு முழிச்சுக்குவேன்."  "மூணு மாசமா தனியா துவைச்சியா?" "மெஷின்தான துவைச்சுது." "வெளையாடாத." "வெளையாடல." மறுபடி துடைப்பான். "அந்த எடத்துலருந்து நேத்து மெயில் வந்துச்சும்மா. மார்ச்சுல ஒரு ரூம் காலியாகுதாம். வேண்டாம்னு எழுதி வச்சேன். இன்னும் அனுப்பல."  அனுப்புவாயா என்று கேட்டிருக்கலாம். நாக்கு அதற்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பியது. "ரெண்டு பேரும் இப்பமே வெளிய வந்து வாசல்ல நில்லுங்க, நான் ஃபயருக்கு போன் பண்ணுதேன், அவங்க வந்து காத்தச் சோதிப்பாங்க. அப்பாவுக்குத் தொப்பி போட்டு விடு," என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் வாசலில் நிற்கையிலேயே வந்தார்கள், தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர், பெரிய பூட்ஸோடு, கையில் ஒரு சின்னக் கருவி. எங்கள் அறையில் அது விட்டுவிட்டுக் கத்தியது, ஜன்னல் திறந்து இருபது நிமிடம் ஆன பிறகும். கேஸ் குழாயை மூடினார்கள், இவர் விரலில் ஏதோ மாட்டிப் பார்த்தார்கள், மருத்துவமனைக்கு வருகிறீர்களா என்றார்கள், மகள் வருகிறாள், வந்ததும் போகிறோம் என்றேன். கருவியில் எண் இறங்கிவிட்டது, இனி உள்ளே இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் அவர்களிடம், "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு ஆமாம் என்பதுபோலக் கட்டைவிரலைக் காட்டினார்கள். மணி இரண்டு நாற்பது. விரிப்பை ட்ரையரிலிருந்து எடுத்தேன். அலமாரிக்குள் மடித்து வைத்திருந்ததையும் எடுத்தேன், வாடை வந்தது, வரட்டும். ஹாலில் சாப்பாட்டு நாற்காலிகள் நான்கைத் திருப்பிப் போட்டு ஒன்றை விரித்தேன், இன்னொன்றை சோபாவின் முதுகில், வாசலைத் திறந்தால் நேராகக் கண்ணில் படும்படி. வீடு கொஞ்சம் வெளுத்தது. வேட்டிதான் மிச்சம், கஞ்சியில் முக்கியபடியே வாளியில் கிடந்தது. குளியல் தொட்டியில் போட்டு அலசினேன், ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்றாவதில்தான் கலங்கல் நின்றது. எட்டு முழம் நனைந்தால் ஒரு ஆளுக்கு அடங்காது. "ஏங்க, இங்க வாங்க," என்று கூப்பிட்டேன், வந்தார், ஒரு முனையைக் கையில் கொடுத்தேன். நான் முறுக்கினேன். நான் முறுக்கிய போக்கிலேயே அவரும் சுற்றினார், துணி சும்மா உருண்டது, ஒரு சொட்டு விழவில்லை. "அப்படியில்ல, எனக்கு எதிராச் சுத்தணும்." எதிராகச் சுற்றினார், இரண்டு சுற்று, பிறகு என் கையைப் பார்த்துவிட்டு மறுபடி என்னோடு வந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வருடத்தில் என்னோடு ஒத்துப்போக இன்றைக்குத்தான் இவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது. "சரி, சுத்த வேண்டாம். நீங்க சும்மா பிடிச்சுக்கிடுங்க, நான் சுத்துதேன்." இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விரல்முட்டிகள் வெளுக்க, முகத்தில் பத்திரம் சரிபார்க்கிற கவனத்தோடு. முறுக்கினேன். இப்போது துணி இறுகியது, நடுவில் திரண்டு தண்ணீர் தரையில் கொட்டியது. வாசலில் கார் வந்து நின்றது, கதவு சாத்தும் சத்தம், பனியில் காலடி. "யாரோ வாராக," என்று பிடியைத் தளர்த்தித் திரும்பினார். "வடிவுதான். விடாதீங்க," என்றேன், "நல்லா இறுக்கிப் பிடிங்க, இன்னும் தண்ணி இருக்கு."